இரண்டாவது டிரம்பெட்

ஜூலை 14, திங்கள்

விடியலிலிருந்தே காற்று. மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. உதட்டில் வெடிப்பு. தேங்காய் எண்ணெய்க்கும் அடங்கவில்லை.

கம்பம் பள்ளியில் சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை. நான் டிரம்பெட் பழக்கும் பிள்ளைகள் இன்றுதான் உருப்படியாக ஊதினார்கள். கரஸ்பாண்டன்ட் வந்து நின்று கேட்டார்.

"டீச்சர், இந்தக் குழலு காதக் கிழிக்குது. டிரம்ஸ முன்னாடி விடுங்க. இதுகள அங்கன மரத்தடியில நிப்பாட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மதியம் சென்னையிலிருந்து போன். நான் முன்பு வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவின் மேனேஜர். சனிக்கிழமை தேனியில் கச்சேரி, கல்யாண மண்டபத்தில். இரண்டாவது டிரம்பெட் வாசிக்கிறவருக்கு அம்மை போட்டிருக்கிறது. "நீங்க அந்தப் பக்கம்தானே மேடம்?"

முதல் டிரம்பெட் யார் என்று கேட்டேன். தேவா சார்தானாம். இன்னமும்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 15, செவ்வாய்

தோட்டத்தில் வீட்டுக்காரருக்குக் காலைச் சாப்பாடு கொண்டுபோனபோது விஷயத்தைச் சொன்னேன். திராட்சைக் கொடியைக் கட்டிக்கொண்டே பேசினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவுக கூப்பிட்டாகன்னு ஓடப் போறியாக்கும்."

"அவர் கூப்பிடல. மேனேஜர்."

"எல்லாம் ஒண்ணுதேன். அந்த ஆளு ஒன்னைய என்ன பேசுனான்னு ரோசம் இல்ல?"

இருக்கிறது. இவருக்கு மேல் இருக்கிறது.

ஊர்க் கோயில் பேண்டில் பாவாடை கட்டிக்கொண்டு ஊத ஆரம்பித்தவள் நான். சென்னைக்குப் போய், அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாவது டிரம்பெட். மகள் பிறந்த மறு வருஷம் முதல் இடத்துக்குத் தேர்வு வைத்தார்கள். நானும் தேவாவும். ஒரு இடம்கூடப் பிசகாமல் வாசித்தேன். அவருக்கு இரண்டு இடத்தில் பிசகியது. எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புள்ள பெத்த வயித்துல காத்து நிக்காது சார். இன்னிக்கு நின்னுச்சு, நாளைக்கு?" வயலின்காரர்கள்கூடச் சிரித்தார்கள். இடம் அவருக்கு. கொஞ்ச நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளி போகும் பஸ்ஸில் நெரிசல். தக்காளிக் கூடை மேல் டிரம்பெட் பெட்டி.

ஜூலை 17, வியாழன்

டிரம்பெட் வால்வுக்கு எண்ணெய். கறுப்புச் சேலை, இஸ்திரி. ஜாக்கெட் கை பிடிக்கிறது, பிரிக்க வேண்டும். பள்ளியில் நாளைக்கு அரை நாள் லீவு கேட்டேன். கரஸ்பாண்டன்ட் முகம் சுளிப்பு.

தோட்டத்தில் நீள ஊதல் பயிற்சி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "ஆத்தா, யாரு செத்தாக?"

ஜூலை 18, வெள்ளி

தேனியில் ஒத்திகை. தேவா மீசைக்கு மை அடித்திருக்கிறார்.

"ஸ்டெல்லாவா? இன்னும் ஊதறியா?"

குழலில் தேங்கிய எச்சில் தண்ணீரை என் செருப்புக்குப் பக்கத்திலேயே உதறினார். தற்செயல் என்று நம்ப நான் குழந்தையில்லை.

வாசிக்க ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. ஆள் முடிந்துவிட்டார். கன்னம் நடுங்குகிறது. இடைவேளையில் என் பக்கம் சாய்ந்தார்.

"கடைசிப் பக்கத்துல தனியா வர்ற மேல் நோட்டு. நான் விரலைத் தூக்கினா நீ எடுத்துக்கோ. நான் வாயில வச்சிருப்பேன். யாருக்கும் தெரிய வேணாம்."

ஒருவர் திணறினால் பக்கத்து ஆள் தாங்குவது எங்களுக்குள் வழக்கம்தான். தலையாட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும் விரலைத் தூக்கினார். ஊதினேன். சுத்தமாக நின்றது, மண்டபத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

கோல் பிடித்து நடத்தும் கண்டக்டர் சின்ன வயது, புதியவர். "தேவா சார், பிரமாதம்!"

தேவா நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வாங்கிக்கொண்டார். என் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை.

வரும் வழியெல்லாம் அந்தக் குனிதல்தான் கண்ணில்.

ஜூலை 19, சனி

கச்சேரி முடிந்து வந்து எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஏலக்காய் வியாபாரிகள், கன்னியாஸ்திரிகள். மூன்றாவது வரிசையில் இவர், வெள்ளை வேட்டியில்.

கடைசிப் பக்கம். மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்தன. தேவா விரலைத் தூக்கினார்.

நான் டிரம்பெட்டை மடியில் வைத்தேன்.

மறுபடி விரல். பிறகு அவரே ஊதினார். வந்தது காற்று. அதன் பின்னால் ஒரு கீறல். யாரோ சிரித்தார்கள். கண்டக்டரின் கோல் ஒரு கணம் அப்படியே நின்றது.

மேடைக்குப் பின்னால் தேவா என் கையைப் பிடித்தார். "ஏன் எடுக்கல?"

"உங்க நோட்டு சார்."

"மனுஷியா நீ?"

கையை உதறிவிட்டு வந்தேன். இவர் பைக்கை எடுக்கும்போது, "செஞ்சது செரிதேன். ஆனா அந்தப் பாட்டு ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அந்தக் கேள்விதான் குத்துகிறது, தேவா அல்ல.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மீன் வாங்கினேன். காற்று இன்று கொஞ்சம் மட்டு.

பதினொரு மணி போல மேனேஜர் போன். குரலில் தேன்.

"மேடம், வீடியோ போடணும். அந்த ஒரு நோட்டை மட்டும் நீங்க வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பினா நாங்க ஒட்டிக்குவோம். தேவா சார் மானம் போகுது. யாருக்கும் தெரியாது."

"படத்துல யாரு தெரிவாக?"

"அவர்தான் மேடம்."

போனை வைத்துவிட்டேன். மீனைக் கழுவும்போது ஆத்திரம் தலைக்கு ஏறியது. கையைத் துடைத்துக்கொண்டு செய்தி அனுப்பினேன்: முழுப் பாட்டையும் மறுபடி வாசிக்கிறேன். முதல் டிரம்பெட், ஸ்டெல்லா என்று போடுங்கள். இல்லையென்றால் கீறலோடு போடுங்கள்.

பார்த்துவிட்டார். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறார்.

இவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "என்னத்தப் புள்ள போனையே மொறைக்கிற? கொளம்பு அடிப்பிடிக்குது" என்கிறார்.

பிடிக்கட்டும்.