தம்பி கை வைத்த மிசின்

சித்திரை 9, புதன்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பாக்கி வேலை: போர்வெல் ரிக் லாரிக்கு சீட்டு உறை இரண்டு, மாட்டுத்தோல் பெல்ட் ஆறு. மிசினுக்கு எண்ணெய் விட்டாயிற்று. அப்பா வாங்கிய, தோல் தைக்கும் ஜெர்மன் மிசின், என்னைவிட வயசு அதிகம். நாலு மடிப்புத் தோல் அதற்கு வாழைமட்டை.

தம்பி சின்னு போன் பண்ணினான். திருச்செங்கோட்டில் புதுசாகக் கடை போட்டிருக்கிறான். அவனுடைய புது மிசின் தடித்த தோலில் நூலை அறுக்கிறதாம்.

"அப்பன் மிசினுல எனக்கும் பங்குங்கண்ணா. நாளைக்கு வந்து தூக்கிக்கறேன்."

"ஊடு உனக்கு, மிசினு எனக்குன்னு அப்பனே சொல்லிட்டுப் போனாரு. வந்து பாருடா."

சித்திரை 10, வியாழன்

வந்துவிட்டான். டெம்போ, கடப்பாரை, கூட அவன் மச்சான். நான் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்திரிங்கண்ணா."

"போடா."

மச்சான் என் சட்டையைப் பிடித்தான். சுத்தியலால் அவன் முழங்காலில் ஒரு போடு. அலறிக்கொண்டு உட்கார்ந்தான். சின்னு என்னை அறைந்தான். எழுபத்தொரு வயசில் தம்பி கையால் அறை. வாயெல்லாம் ரத்தம். அவனுக்கு ஏழு வயசில் குத்தூசிப் பிடியால் நான் அவன் முன்பல்லை உடைத்தேன். அதற்கு அப்பா நனைத்த தோல்வாரால் என்னை அடித்தது இருபது. எண்ணிக்கொண்டே வாங்கினேன்.

சின்னு சுவிட்சை அணைத்தான். ஊசிக்கடியில் கிடந்த பெல்ட்டை உருவ வலது கையை விட்டான். புது மிசின் பழக்கம் அவனுக்கு, அணைத்தால் உடனே நின்றுவிடும். இதன் மோட்டார் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும். அதற்குள் மிதித்தால் ஊசி இறங்கும். என் கால் மிதியில்தான் இருந்தது.

நாலு தையல். ஆள்காட்டி விரலில், நகத்தோடு. எலும்பில் பட்டு ஊசி ஒடிந்தது. விரலும் பெல்ட்டும் ஒன்றாகத் தைபட்டுக் கிடந்தன. நூலைத் தோல் கத்தியால் அறுத்து விட்டதும் நான்தான்.

சித்திரை 11, வெள்ளி

கன்னம் வீங்கிச் சோறு இறங்கவில்லை. சின்னுவைச் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போலீசுக்குப் போவேன் என்று அவன் மச்சான் சொல்லி அனுப்பினான். முழங்காலுக்குக் கேஸ் போடட்டும். விரலுக்கு?

பாவாயி சோற்றைப் பிசைந்துகொண்டே, "கால் வழுக்கிருச்சுன்னு சொல்லீருங்க. பொண்டாட்டி சொல்றதைய ஒரு தடவையாச்சும் கேளுங்க" என்கிறாள். அவளும் என்னிடம் கேட்கவில்லை, வழுக்கியதா என்று.

மிசினில் ரத்தத்தைத் துடைக்கவில்லை. ஈ.

சித்திரை 14, திங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரி. போனேன். விரலில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார்கள். கட்டிலருகில் போலீஸ்காரர்.

"நானேதானுங்க கையை உட்டேன். மிசினு ஓடறது தெரியலீங்க" என்றான் சின்னு.

அவர் எழுதிக்கொண்டு போனார். சின்னு என்னையே பார்த்தான்.

"மிதிச்சீங்களாண்ணா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

பாவாயி சொல்லிக்கொடுத்தது வாய் வரைக்கும் வந்தது. "ஆமா" என்றேன்.

மிசினை நீயே கொண்டுபோ என்றேன்.

"அதைய இனி எந்தக் கையில தைக்கறதுங்க?" என்றான்.