அரம் பட்ட வாள்

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் வாளில் பிடிக்குக் கீழே இருந்த எழுத்து அரத்தால் ராவி அழிக்கப்பட்டிருக்கிறது. இன்று காலை வல்வெட்டித்துறையில், உங்கள் வீட்டு மேசையில் வைத்துப் பார்த்த பழம்பொருள் அலுவலர் இதை உறுதிப்படுத்தினார். "இது துரு திண்ட தழும்பில்லை ஐயா. அரம் போன கோடு."

அரச வாள் என்றீர்கள். உறையை விட்டு எடுக்க விடவில்லை. ஊரெல்லாம் ஆதாரம் கேட்டுத் திரிந்த நான், உங்களிடம் மட்டும் கேட்காமல், அரச வாள்தான் என்று என் பெயரில் பத்திரிகையில் எழுதினேன்.

கையை மூடும் பித்தளைக் காப்பு, குட்டையான அகன்ற அலகு. கப்பல்காரர் வைத்திருந்த வகை என்கிறார் அலுவலர். எந்த நாட்டுப் பட்டறை என்பதை அந்த எழுத்துத்தான் சொல்லியிருக்கும்.

"ஆர் ராவினது?" என்று கேட்டேன்.

அண்ணி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னா: "உம்மடை அண்ணர்தான். பேப்பரிலை வந்த அடுத்த கிழமை உருவிப் பாத்தவர். வெள்ளைக்காரன்ரை எழுத்து. 'தம்பி எழுதிப்போட்டான், இனி இது இருக்கக்கூடாது' எண்டார். நான்தான் பிடியை அமத்திப் பிடிச்சனான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீர் திருத்தி எழுதியிருப்பீர். உம்மடை பேர் கெட்டுப்போம் எண்டு பயந்துதானே."

அண்ணி இதைப் பாசம் என்கிறா. நான் ஏற்கவில்லை. திருத்த வேண்டியது என் செய்தியை. ஒரு வரியில் முடிந்திருக்கும். என்னைக் காப்பாற்றச் சொல்லி உங்களை யார் கேட்டது?

தோலுறையையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. வள்ளத்துக்குப் பூசுவதுபோல ஆண்டுதோறும் சுறா எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். இரும்பு தப்பிவிட்டது. தோல் கறுத்து, பிசுபிசுத்து, தையல் விட்டுக் கிடக்கிறது. வாளை இனி அதற்குள் வைக்கக்கூடாதாம். உறையில் தண்ணீரும் வெயிலும் படவே கூடாதாம்.

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். அன்றைக்கு ஊர் வாசிகசாலையில் வாளைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். பலகையும் எழுதியாயிற்று: அரச வாள், கீழே உங்கள் பெயர். "செத்த மனுசனை விடும் தம்பி" என்கிறா அண்ணி. பலகையைப் படிக்கப்போகிறவர்கள் உயிரோடல்லவா இருக்கிறார்கள்?

ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. உறையின் வாயருகே, எண்ணெய்ப் படலத்துக்கு அடியில், தோலில் அழுத்திய முத்திரை ஒன்று இருக்கிறது. அலுவலர் மெல்லிய தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுக்கிறார். வியாழக்கிழமை வாசிக்கலாம் என்றார்.

அதில் என்ன இருந்தாலும் அன்றைக்கே பத்திரிகையில் எழுதுவேன். ராவியது யார், யாருக்காக என்பதையும் எழுதுவேன். பலகை ஏற ஒரு நாள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அரத்துக்குக் காரணமான தம்பி