நீ உடைத்த சிலுவை நண்டு

இன்று காலை மீன்காரர் பெட்டியைத் திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஐஸுக்கு மேலே, முதுகில் வெள்ளைச் சிலுவையோடு ஒரு நண்டு. நீ போன பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை.

கல்யாணமான புதிதில் நான் நண்டு வாங்கி வந்தபோது, நீ அதில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாய். "இத மட்டும் ஆக்க மாட்டேங்க" என்றாய். புயலில் ஒரு புனிதரின் மரச்சிலுவை கடலில் விழுந்ததாம். மறுநாள் ஒரு நண்டு அதைக் கொடுக்கில் தூக்கிக்கொண்டு கரையேறி அவரிடமே கொடுத்ததாம். அவர் ஆசீர்வதித்த அடையாளம்தான் முதுகில் இருக்கிறதாம். உன் அப்பா வலையில் அது வந்தால் கும்பிட்டுக் கடலிலேயே விட்டுவிடுவாராம். ஆவூரில் பிறந்து கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் அறியாத நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அப்ப கெளுத்திக்கு மீசை வச்சது யாரு?" என்று கேட்டேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை.

பிறகு உன் தம்பி போன படகு திரும்பவில்லை. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. உடலாவது கிடைக்கும் என்று கரையிலேயே கிடந்தோம். அதுவும் இல்லை. அவன் படத்தை வைத்துப் பூசை முடித்து ஊர் திரும்பிய வாரம், மீன்காரரை நிறுத்தி நீயே பெட்டியைக் கிளறினாய். சிலுவை நண்டாகப் பார்த்துப் பொறுக்கினாய். மசாலா அரைத்துக் குழம்பு வைத்தாய். தட்டின் முன் உட்கார்ந்து, சரியாகச் சிலுவையின் நடுவிலேயே முதுகோட்டை உடைத்தாய்.

"என்ன பண்றே நீ?"

"அவரு தொலைச்ச கட்டையத் தேடிக் கொண்டாந்து குடுத்துச்சுல்ல? எந்தம்பி மட்டும் அது கண்ணுல படாமப் போயிட்டானா?"

உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. முழுவதையும் தின்றாய். நீ அந்தக் கதையை அவ்வளவு நம்பியிருந்தாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் சாகும்வரை நீ நண்டைத் தொடவில்லை.

இன்று அந்த ஒன்றை மட்டும் எடுத்து மீன்காரரிடமே நீட்டினேன். "நாளைக்கு மீன் எடுக்கப் போறப்ப இதக் கடல்ல விட்ருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செத்த நண்டுண்ணே இது."

"தெரியும். விட்ருங்க."

கதையை நான் இன்னமும் நம்பவில்லை. ஆனால் அன்று சிரித்த அதே வாயால், அவர் பெட்டியை மூடுவதற்குள் குனிந்து அந்த நண்டிடம் உன் தம்பி பெயரைச் சொன்னேன். கூடவே உன் பெயரையும் சொன்னேன்.