ஸ்டூலில் தொங்கும் உன் முகம்

மாப்ள,

காலையில் பெங்களூரிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்ததும் அச்சு மை வாடை பட்டறை முழுக்க அடித்தது. உள்ளே கட்டுக் கட்டாக அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஓட்டை, அதில் சணல் கயிறு. நம் பட்டறை ஸ்டூல் ஒவ்வொன்றின் காலிலும் கட்டித் தொங்கவிட வேண்டுமாம். அட்டையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். செல்லூரில் பீரோ செய்துகொண்டிருந்த ஒருவர், ஒரு கல்யாணத்தில் பத்திரிகையை மடித்துக்கொண்டிருந்தபோது இந்த ஸ்டூலைக் கண்டுபிடித்தார் என்று கீழே நாலு வரி. நீ செத்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் புளுகிக்கொண்டுதான் இருக்கிறாய்.

போய்ச் சேர்ந்தவரை இப்படித் திட்டி எழுதலாமா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். வேறு எப்போது திட்டுவது? இருந்தபோது நீ என்னைப் பேசவிட்டால்தானே.

நம் கூட்டு எப்படி நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாய் உன்னுடையது, கை என்னுடையது. காளவாசல் கடைகளில் பேசி ஆர்டர் பிடிப்பது நீ. தகடு வெட்டுவது, மடிப்பது, பெயின்ட் அடிப்பது நான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. புதுசாகக் கட்டுகிற வீடுகளிலெல்லாம் சுவரோடு கப்போர்டு வைக்க ஆரம்பித்தார்கள். சீர்வரிசையில் பீரோ குறைந்தது. முதலில் அதைக் கண்டுகொண்டவன் நீதான். "மாப்ள, இனிமே பீரோவ மட்டும் நம்பி இருந்தம்னா தகரத்தத்தான் திங்கணும்" என்றாய். அந்தப் புத்தி உனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் பரவையில் நடந்த அந்தக் கல்யாணத்தில் பத்திரிகையை மடித்தது யார்? இரண்டாவது பந்திக்குக் காத்துக்கொண்டிருந்தோம். தடித்த அட்டைப் பத்திரிகை. சும்மா இருக்காத கை, இரண்டு பக்கமும் மடித்து மேஜைமேல் நிறுத்தினேன். அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தேன். நின்றது. நீ எட்டிப் பார்த்து, "என்னடா, கப்பல் விடுறியா?" என்று சிரித்தாய். மறுநாள் ஒரே தகட்டை வெட்டி, வெல்டிங் இல்லாமல், ஸ்குரூ இல்லாமல் ஸ்டூலாக மடித்து, மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டை அடித்து மூலையில் போட்டேன்.

அதைத்தான் பெங்களூர் மேடம் பார்த்தார். வீட்டுச் சாமான்களைப் புதுப்புது டிசைனில் செய்து வாங்கி வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறவர். நீதான் பேசி அழைத்து வந்திருந்தாய். ஸ்டூலைத் தூக்கிப் பிடித்து, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டார். நம் தொழிலில் அப்படி ஒருவர் கேட்டால் ஒரே அர்த்தம்தான். கதவு சாத்தவில்லை, பூட்டு சிக்குகிறது, பெயின்ட் உரிகிறது. கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நீ வழக்கம்போல முன்னால் போய் நின்று, "நான்தான் மேடம்" என்றாய். புகார் வரும்போதெல்லாம் நீ அப்படித்தான் செய்வாய். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம்தான் அந்தம்மா பிரமாதம் என்றார். நான் நிமிர்ந்தேன். நீ என்னைப் பார்த்தாய். இப்போது சொல்வாய், இப்போது சொல்வாய் என்று நின்றேன். நீ டீ வாங்கிவர ஆள் அனுப்பினாய்.

அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறுநாள்? மறுமாதம்? சென்னைக் கண்காட்சியில் நீ பேசிய வீடியோவைப் போனில் பார்த்தேன். பரவைக் கல்யாணம், பத்திரிகை, எல்லாம் சொன்னாய். அந்தத் தண்ணீர் டம்ளரைக்கூட விடவில்லை. என்னை மட்டும்தான் விட்டுவிட்டாய்.

ஊர் திரும்பியதும் கேட்டேன். பக்கத்துத் தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன்.

"ஏன்டா இப்படிச் செஞ்ச?"

"எவன் பேரு இருந்தா என்ன மாப்ள? ஆர்டர் நம்ம பட்டறைக்குத்தான வருது?"

"அப்ப என் பேரு இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒனக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி பேச வருமா? போடா, போய் வேலையப் பாரு."

அதோடு நான் உன்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரே கூரைக்குக் கீழே, எதிரெதிரே நின்று, வேலையாட்கள் மூலமாகவே பேசிக்கொண்டோம். அப்படியே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். உன்னைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். வழி முழுக்க உன்மேல் கோபமாகவே நடந்தேன்.

இன்றைக்கு மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன், இந்த அட்டையைக் கட்ட மாட்டேன் என்றேன். "அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே சார்?" என்றார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சரக்கு வாங்க வருகிறவர் முன்னால் கூட்டாளியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அட்டை இல்லாமல் சரக்கை எடுக்க முடியாது, திங்கட்கிழமை லாரி வருகிறது என்றார். "அப்ப லாரி வேணாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பட்டறையைத் திரும்பிப் பார்த்தேன். இந்தச் சரக்கை நம்பி ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "சரி சார், அட்டையை மாத்திடலாம். எப்படிச் செஞ்சீங்கன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க."

எழுத உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரம் உன்னைத் திட்டிய இந்தக் கடிதத்திலும் அதை மறைத்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அந்த முதல் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கால் இரண்டும் அகன்று நான் தரையில் விழுந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு என்னைத் தூக்கிவிட்டு, தகட்டைத் திருப்பிப் பார்த்து, "ஓரத்த உள்ளுக்குள்ள இன்னொரு மடி மடிடா. பீரோ கதவுக்கு மடிப்பம்ல, அது மாதிரி" என்றாய். மடித்தேன். அப்புறம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏறி நின்றபோதும் அது அசையவில்லை.

உன்னை விட்டுவிட்டு நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலையும் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதில் உன் பேரும் இருக்கிறது. அதை அனுப்பிவிட்டேன். சந்தோஷமாக ஒன்றும் அனுப்பவில்லை.

என்னை விட்டுவிட்டுக் கதை சொல்ல உனக்கு எப்படியடா வாய் வந்தது? எனக்கு வரவில்லையே.