தானியக் குழியும் என் வாயும்

பங்குனி 10, செவ்வாய்
காலையிலேயே வெயில். மிளகாய் வத்தலை அரண்மனைக் களத்தில் காயப்போட்டேன். அரண்மனை என்று பேர்தான். ஜமீன் காலத்து வாசலும் ரெண்டு சுவரும் மிச்சம், மற்றதெல்லாம் சீமைக் கருவேலம்.

மதுரைக் காலேஜ் பிள்ளை ஒன்று வந்தது. ஜமீன் கதை கேட்டு ஆராய்ச்சியாம். செல்போனில் படம் பிடித்தது. இருளப்ப மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். மழை பெய்யாத வருஷம். ஜமீன் கிஸ்தி கட்டவில்லை. வெள்ளைக்காரக் கலெக்டரின் ஆட்கள் ஜப்திக்கு வந்தார்கள். தானியக் குழி எங்கே என்று காவல்காரரைக் கட்டிவைத்து அடித்தார்கள். அவர் மச்சானின் பாட்டனுக்குப் பாட்டன். சொல்லவே இல்லை. ஜமீன் ஏலத்தில் போயிற்று. குழியில் இருந்த கம்பையும் வரகையும் தின்று ஊர் பிழைத்தது. அதற்குத்தான் அம்மன் பொங்கலில் முதல் பரிவட்டம் இன்றுவரை மச்சான் வீட்டு ஆள் தலையில் கட்டுவது.

“இதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கா ஐயா?”
“காயிதமெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுபோயிட்டான் தாயி. எங்ககிட்ட இருக்கிறது வருசா வருசம் தலையில கட்டுற துணிதான்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். மாமன் மகன், கேலி முறை. வாய் அரித்தது. “இவுக பாட்டந்தான் குழியக் காட்டிக் குடுத்ததே. கூலிக்கு வெள்ளைக்காரன் ஒரு பழைய கோட்டு குடுத்தான்” என்றேன்.
மச்சான் விடுவாரா? “ஆமாமா! அந்தக் கோட்ட வெளுத்துக் குடுத்தது இவ பாட்டிதான்!”
ஒரே சிரிப்பு. பிள்ளையும் சிரித்தது.

வாங்க வேண்டியது: சீயக்காய், சாக்கு 4, செல்லுக்குச் சார்ஜர்.

13, வெள்ளி
வத்தல் மூட்டையோடு அருப்புக்கோட்டை. விலை இறக்கம். பஸ்ஸில் முன் சீட்டில் ரெண்டு பேர், திருச்சுழிப் பக்கத்து ஆட்கள். “காட்டிக் குடுத்த வீட்டுக்குப் பரிவட்டம் கட்டுறாகளாம்ல?” “அந்த ஆளே ஆமாமான்னு சொல்றாருய்யா, பாரு.” செல்லில் என் குரல். நான் சொன்னதும் மச்சானின் ஆமாமாவும் மட்டும். கோட்டு வெளுத்ததும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அந்தப் பிள்ளை குடுத்துப்போன நம்பருக்குப் போன் போட்டேன். “அவுக எனக்குக் கேலி முறை தாயி. முறைக்காரவுகளப் பேசுறது எதுவும் கணக்குல வராது.” “அது எனக்குத் தெரியாதே அக்கா.” போட்டிருந்த படத்தை உடனே எடுத்துவிட்டது. நல்ல பிள்ளை. ஆனால் அதற்குள் ஊரில் எல்லார் செல்லிலும் ஏறிவிட்டது.

சாப்பிடவில்லை. அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினேன். வாயையும் அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

15, ஞாயிறு
ஊர்க்கூட்டம். பொம்பளைகள் தள்ளித்தான் நிற்பது. மேலத்தெரு வேலுச்சாமி அண்ணனுக்கு அந்தப் பரிவட்டத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். “அவரே ஒத்துக்கிட்டாரு. பெறகு என்ன மரியாத?” மச்சான் தலையைக் குனிந்தே இருந்தார்.

முன்னால் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் சேலையைப் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை. “நான் கேலிக்குச் சொன்னது. அடி வாங்கி வாய் திறக்காத மனுசரு. அதுதான் நெசம்.”
எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகியவர்கள்.
வேலுச்சாமி அண்ணன்: “எது கேலி ஆத்தா? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்றதா?”
மறுபடி சிரிப்பு. எனக்கு அழுகை. அதையும் நடிப்பு என்றாள் ஒருத்தி.

தீர்ப்பு: இந்த வருஷம் முதல் பரிவட்டம் மனுஷருக்கு இல்லை. அம்மன் சூலத்துக்கு. அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

வெள்ளைக்காரன் அடித்தும் போகாதது. நான் ஒரு வாய்ப் பேச்சில் போக்கினேன்.

16, திங்கள்
பச்சரிசி ஊறப்போட்டேன். வெல்லம் பத்தாது. மச்சான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின் தெரு வழியாகத் தண்ணிக்குப் போனேன். இன்றைக்கு ரெண்டு தடவை.

17, செவ்வாய்
பொங்கல். காற்றே இல்லை, புகை அப்படியே நின்றது. மச்சான் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெறுந்தலையோடு கடைசி ஆளாக நின்றார். சூலத்தில் துணி கட்டினார்கள். எல்லாரும் குலவை போட்டார்கள். நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

பொங்கல் வாங்கும் வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றார். வழுக்கையைத் தடவிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “என்னத்தா, வெறுந்தலையப் பாத்துட்டும் ஒண்ணும் சொல்லாம நிக்கிற? சொல்லேன்” என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வரவில்லை எனக்கு.