பைன் மரத்துக்குக் கவ்வாத்து

இன்று காலை மகன் பங்களாப் பாதையில் கூட்டி அள்ளிய பைன் ஊசிகளைச் சாக்கு நிறையக் கொண்டுவந்து வாசலில் கொட்டினான். லீக்ஸ் பாத்திக்குப் போட வேண்டுமாம். வீடு முழுக்க அந்தப் பிசின் வாசம். உங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்களிடம் பேச எனக்குப் பெரிதாக விஷயம் ஒன்றும் இருக்கவில்லை. இது ஒன்றுதான்.

நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற மூன்று பைன் மரங்களையும் நமக்கு முன்னால் அந்தக் காம்பராவில் குடியிருந்தவர்கள் நட்டிருந்தார்கள். உதிர்கிற ஊசிகளுக்கு நான்தான் சொந்தக்காரி. அடுப்புப் பற்றவைக்க, மாட்டுக்குக் கீழே பரப்ப, எல்லாவற்றுக்கும் மேலாக உருளைக்கிழங்குக்கு. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் இறங்குகிற பனிக்குச் செடி ஒரே இரவில் கருகிவிடும். சாயங்காலமே ஊசிகளை அள்ளிப் போர்த்துவேன், வெயில் ஏறியதும் விலக்குவேன். நம் பிள்ளைகளின் பாதி வயிறு அந்தப் பாத்தியில்தான் நிறைந்தது.

மரங்கள் வளர்ந்து பாத்தியில் நிழல் விழுந்தது. கீழ்க்கிளைகளை மட்டும் கழியுங்கள், தலையைத் தொட வேண்டாம் என்றேன். உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். நீங்களோ தோட்டத்திலேயே பேரெடுத்த கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வெட்டி மொட்டையாக நிறுத்துவீர்கள். சில வாரங்களில் அது மறுபடியும் துளிர்த்து நிற்கும். எல்லாச் செடிக்கும் அதுதான் நியாயம் என்பது உங்கள் கணக்கு.

“ஏ புள்ள, மலை மலையா தேயிலைய வெட்டுன கை இது. இந்த ஊசி மரத்த வெட்ட எனக்குப் பாடம் சொல்றியா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் இடுப்பளவில் அறுத்துச் சாய்த்தீர்கள். ஒரு கிளை மிச்சமில்லை. வெட்டுவாயில் சாணி பூசிவிட்டு, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கினீர்கள். இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கட்டைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். பக்கத்துக் காம்பராக்காரருக்கு நல்ல வேடிக்கை. “என்னாங்கண்ணே, கொழுந்து எடுக்க எப்ப வரலாம்?” என்பார். “மழ விழட்டும், அப்பறம் பாருங்க” என்று நீங்களும் சிரிப்பீர்கள். மழை விழுந்தது, ஓய்ந்தது. கட்டைகளில் பிசின் வடிந்து காய்ந்ததோடு சரி. வெட்டிய கிளைகளில் இருந்த ஊசியையும் அடுப்பு தின்று தீர்த்திருந்தது.

மார்கழி பிறந்தது. கிழங்குச் செடி சாண் உயரம் வந்திருந்தது, போர்த்த ஒரு கை ஊசி இல்லை. ஒருநாள் விடிந்ததும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன். நீங்கள் கட்டைக்கு முன்னால் குந்தி, நகத்தால் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே பச்சை இருக்கிறதா என்று தேடினீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் அந்தக் குனிந்த முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“வருமுங்க. தேயிலைய விட இதுக்கு நாள் கூட ஆகும் போல” என்றேன். வராது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் திரும்பவில்லை. “வராது புள்ள. நீ சொன்னத நான் கேட்டிருக்கணும்.”

தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அந்த மாசிப் பனியில் பாத்தி முக்கால்வாசி கருகியது. பிள்ளைகள் ரொட்டியும் சம்பலுமாக ஒப்பேற்றினார்கள், முணுமுணுத்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் உங்களுக்குப் பயந்துகொண்டேதான் இருந்தேன். அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கட்டைக்கு முன்னால் நீங்கள் குந்தியிருந்த அந்தக் காலைக்குப் பிறகு பயப்படவில்லை. உங்களோடு வாழ்ந்தேன் என்று நான் சொல்லிக்கொள்கிற வருஷங்களை அன்றிலிருந்துதான் எண்ணுகிறேன்.