கட்டங்களுக்கு நடுவே ஒரு தேதி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். அம்மாவின் நெஞ்சுவலி தேவலையா?

இங்கே ஒரு கூத்து. ஆபீஸ் கம்ப்யூட்டர் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. எழுத்து வடிவங்களைச் சேர்த்துவைக்கும் ஃபான்ட் கேஷைத் துடைத்தேன், எழுந்துகொண்டது. மேலாளர், "எல்லாம் நீ போட்ட தமிழ் ஃபான்ட்டாலதான்" என்று அதைத் தூக்கிவிட்டார். இனி போடக்கூடாதாம்.

அதனால் உங்கள் மெயில் முழுக்க வெறும் கட்டங்கள். நடுவில் 14/8 மட்டும் தெரிகிறது. ஆபரேஷனா அப்பா? போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அம்மா எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். நேற்றிலிருந்து போனையும் எடுக்கவில்லை. எதுவானாலும் இந்த நாட்டில் ஊருக்கு வர லீவு தரமாட்டார்கள்.

இனிமேல் தாளில் எழுதுங்கள். அம்மா கையால் ஒரு வரி வாங்கி அனுப்புங்கள். ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். இன்று தேதி பதினைந்து.

உங்கள் மகன்